முதல் ரோடு பைக்: டயரிலிருந்து தொடங்குங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அலுவலகம் போய்வரவும், ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கொம்பு வரை மிதித்துவிட்டு வரவும் வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு பைக் ஒன்று வாங்க விரும்புகிறார். மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கார்பன் இழையாலான சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) வசதியில்லை, அலுமினியம் போதுமா? டயர் ஒல்லியாக இருந்தால்தானே வேகம் வரும்? அப்படிப்பட்ட டயர் நம் ஊர்ச் சாலையைத் தாங்குமா?

முதல் கேள்விக்கு விடை எளிது. அலுமினியம் தாராளமாகப் போதும். தொடக்க நிலை அலுமினிய ரோடு பைக் பத்து கிலோவை ஒட்டி இருக்கும். கார்பன் அதில் ஒன்றிரண்டு கிலோ குறைக்கும். சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஒரு கிலோ கூடுதல் எடைக்காக நீங்கள் செலவிடும் திறன் அரை வாட்டுக்கும் குறைவு. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் மலைப்பாதையில் மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏறினாலும் அது இரண்டு வாட்டை எட்டாது. அந்த 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை விலக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 70 வாட் தேவைப்படுகிறது. டயர் உருள்வதற்கு, நல்ல டயரென்றால் 20 வாட்டுக்குச் சற்று மேல். மோசமான டயரென்றால் 40 வாட்டுக்கு மேல். சட்டத்தில் ஒரு கிலோ குறைக்கப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பவர், அதைவிடப் பல மடங்கு இழப்பைத் தரும் டயரைக் கவனிப்பதே இல்லை. ஆகவே அடுத்த இரண்டு கேள்விகளில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு டயர் உங்களை எப்படித் தாங்குகிறது? உள்ளே அடைத்த காற்று தாங்குகிறது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். பள்ளியில் படித்த பாஸ்கல் விதியை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள். மூடிய டியூபுக்குள் காற்றழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றே. கீழே உள்ள காற்று ரிம்மை மேல்நோக்கித் தள்ளுகிறது என்றால், உச்சியில் உள்ள காற்று அதே அளவு விசையுடன் ரிம்மைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். நீங்கள் ஏறி உட்காரும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறதா என்றால், டயரின் கன அளவு மிகச் சிறிதே மாறுவதால் அதுவும் பொருட்படுத்தும் அளவுக்குக் கூடுவதில்லை. அப்படியானால் உங்கள் எடையைத் தூக்கிப் பிடிப்பது எது?

டயரின் நூல்கள். டயர் என்பது வெறும் ரப்பர் அல்ல. ரப்பரில் பொதிந்த நைலான் இழைகளாலான துணி அது. காற்று அடித்ததும் இந்த இழைகள் விறைத்து, ரிம்மின் இரு ஓரங்களையும் சுற்றிலும் வெளிப்பக்கமாக இழுக்கின்றன. உச்சியில் உள்ள இழைகள் ரிம்மை மேலே இழுக்கின்றன, அடியில் உள்ளவை கீழே இழுக்கின்றன. யாரும் ஏறாதவரை இரண்டும் சமம். நீங்கள் உட்கார்ந்ததும் அடிப்பகுதி நசுங்கி, டயரின் பக்கச் சுவர் பக்கவாட்டில் உப்புகிறது. அங்கே இழைகளின் இழுப்புத் திசை கீழ்நோக்கியிருந்தது சாய்ந்து பக்கவாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. ரிம்மைக் கீழே இழுத்த விசை குறைகிறது. உச்சியில் மேலே இழுக்கும் விசையோ அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் எடையைத் தாங்கி நிற்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு அணி கையைச் சற்றுத் தளர்த்தியதும் மறு அணி புதிதாகப் பலம் எதுவும் கூட்டாமலே வென்றுவிடுகிறதல்லவா, அதே கணக்கு. காற்றின் வேலை இழைகளை விறைப்பாக வைத்திருப்பது மட்டுமே.

இதே நாடகம் ரிம்முக்கு உள்ளேயும் நடக்கிறது. ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு கிலோ எடைக்கு ஈடான இழுவிசையில் முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கொண்ட அந்தக் கம்பியால் தூணைப்போல் நின்று எதையும் தாங்க முடியாது, வளைந்துவிடும். நீங்கள் உட்கார்ந்ததும் மேல் கம்பிகள் கூடுதலாக விறைப்பது மிகச் சொற்பம். தரையை ஒட்டி இருக்கும் நான்கைந்து கம்பிகள் மட்டும் தளர்கின்றன. அந்தத் தளர்ச்சிதான் நடு ஹப்பைத் தாங்குகிறது. ஆக, டயரும் சக்கரமும் எடையை ஏற்பது முன்பே ஏற்றி வைத்த இழுவிசையைச் சிறிது விட்டுக்கொடுத்துத்தான். பொறியியலில் இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

இதை நம்ப வேண்டியதில்லை, காதால் கேட்கலாம். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, பின்சக்கரத்தின் கம்பிகளை ரிம்முக்கு அருகே ஒவ்வொன்றாகச் சுண்டுங்கள். இப்போது ஒருவரை ஏறி உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் சுண்டுங்கள். அடியில் உள்ள கம்பிகளின் சுருதி மட்டும் இறங்கியிருக்கும். மற்றவற்றில் மாற்றம் தெரிவது கடினம்.

ஓடும் சக்கரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் விறைக்கிறது. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர் என்பதால் இருபது கிலோமீட்டர் போனால் ஒன்பதாயிரம் முறைக்கு மேல் இது நடந்திருக்கும். இழுவிசை போதாத சக்கரத்தில் கம்பிகள் முழுக்கத் தொய்ந்து தொய்ந்து, கடைசியில் ஹப் பக்கத்து வளைவில் சோர்ந்து முறிகின்றன. அதனால்தான் புதுச் சைக்கிளில் முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு கோட்டம் பார்த்து, கம்பிகளைச் சமமாக இறுக்கித் தருமாறு கடையில் கேட்கச் சொல்கிறேன்.

இனி ஒல்லி டயருக்கு வருவோம். தரையைத் தொடும் பகுதியின் பரப்பளவு, அதன்மீது விழும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. பின்சக்கரத்தில் 45 கிலோ எடை, டயரில் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) அழுத்தம் என்றால் ஏறத்தாழ 8 சதுர சென்டிமீட்டர். டயர் ஒல்லியோ அகலமோ, அழுத்தம் ஒன்றானால் பரப்பும் ஏறக்குறைய ஒன்றே. மாறுவது வடிவம்தான். ஒல்லி டயரில் அது நீளமாகவும் குறுகலாகவும், அகல டயரில் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். நீளமாக இருந்தால் டயர் ஆழமாக நசுங்க வேண்டும். நசுங்கும் ரப்பர் தான் வாங்கிய ஆற்றலை முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை, ஒரு பங்கை வெப்பமாக்கிவிடுகிறது. தரையைத் தொடும் பகுதியின் முன்பாதி நசுங்கும்போது கொடுக்கும் எதிர்ப்பு, பின்பாதி விரியும்போது கொடுக்கும் உந்தலைவிடக் கூடுதல். அந்த வித்தியாசம்தான் உங்களைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. எனவே அழுத்தம் சமமாக இருந்தால் அகல டயர்தான் எளிதாக உருளும். கேட்பவர்கள் பலர் நம்ப மறுக்கும் உண்மை இது.

ஆனால் அகல டயரில் அதே அழுத்தம் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. இழைகளின் இழுவிசை, அழுத்தத்தை டயர்க் குழாயின் ஆரத்தால் பெருக்கினால் கிடைப்பது. 25 மில்லிமீட்டர் டயரில் 87 பிஎஸ்ஐ கொடுக்கும் விறைப்பை 32 மில்லிமீட்டர் டயர் 68 பிஎஸ்ஐயிலேயே கொடுத்துவிடும். அழுத்தத்தைக் குறைத்ததும் இன்னொரு நன்மை வந்து சேர்கிறது. கல்லுப் போன்ற டயர் கரடுமுரடான சாலையில் ஒவ்வொரு மேட்டிலும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. முன்னே செல்ல வேண்டிய ஆற்றல் தசைகளின் குலுக்கலில் வெப்பமாகிப் போகிறது. கைக்கும் முதுகுக்கும் வலி வேறு. பளபளப்பான இரும்பு உருளையில் சோதித்தால் அழுத்தம் ஏற ஏற டயர் எளிதாக உருளும். உண்மையான சாலையில் ஓர் அளவைத் தாண்டியதும் கணக்கு தலைகீழாகிவிடும். நம் ஊர்ச் சாலைகளில் அந்த அளவு சீக்கிரமே வந்துவிடுகிறது.

பந்தய உலகம் இதைப் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. ஒல்லியும் விறைப்பும்தான் வேகம் என்று வீரர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். விறைத்த டயர் அதிர்ந்ததை வேகம் என்று உடல் எடுத்துக்கொண்டது. 23 மில்லிமீட்டரில் ஓடிய அவர்கள் 25, 28 என்று நகர்ந்து, கல் பாவிய பாதையில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் இப்போது 30 மில்லிமீட்டருக்கும் மேல் போட்டு ஓடுகிறார்கள். அளந்து பார்க்காமல் நம்பப்படும் எதையும் நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். புதுச் சைக்கிளின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் வழக்கத்தைவிட இது அதிகக் கெடுதல் செய்திருக்கிறது, ஏனென்றால் இதற்கு அறிவியலின் வேடம் இருந்தது.

காற்று டயரின் வரலாற்றிலும் ஒரு வருத்தம் உண்டு. ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதைப் பொருத்திப் பார்க்க அப்போது சைக்கிள் இல்லை, யோசனை மறந்துபோனது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மறுபடியும் கண்டுபிடித்தார். மறுவருடமே காற்று டயர் பூட்டிய சைக்கிள் பந்தயங்களில் வெல்லத் தொடங்கியது. பயன் உடனே தெரியாத யோசனையைப் பாதுகாத்து வைக்கவும் ஒரு சமூகத்துக்குச் செலவு செய்யத் தெரிய வேண்டும். சென்னையைச் சுற்றி டயர்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன, அம்பத்தூரில் 1949 முதல் சைக்கிள் நிறுவனம் இருக்கிறது, கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருக்கின்றன. நம் தார்ச்சாலையிலும் சிமெண்ட் சாலையிலும் எந்த அழுத்தத்தில் சைக்கிள் டயர் நன்றாக உருளும் என்று அளக்க, மிதிக்கும் திறனைக் காட்டும் கருவி ஒன்றும் ஆர்வமுள்ள மாணவர்கள் நால்வரும் போதும். பெரிய திட்டங்களுக்குக் கோடிகளை ஒதுக்கும்போது இப்படிப்பட்ட சிறிய அளவீடுகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேருந்துக்கட்டணம் மிச்சம் பிடிக்கச் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோருக்கு அது நேராகப் பயன்படும்.

திருச்சி வாசகருக்கு: கடைக்குப் போனதும் சட்டத்தின் விலையைக் கேட்பதற்கு முன் "இதில் எத்தனை மில்லிமீட்டர் டயர் வரை நுழையும்?" என்று கேளுங்கள். 32 நுழைந்தால் நல்லது. டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள்களில் பெரும்பாலும் நுழையும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் வைத்த பல சைக்கிள்களில் 28க்கு மேல் இடமிருக்காது. பின்பக்கப் பல்சக்கரத்தில் பெரியது 32 பல் இருந்தால் மேம்பாலங்கள் முட்டியைப் பதம் பார்க்காது. சட்டத்தின் அளவு உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். சலுகை விலைக்காக ஓர் அளவு பெரியதை வாங்கிவிடாதீர்கள், சீட்டை நகர்த்தி அதைச் சரிசெய்ய முடியாது. சீட் உயரத்துக்கு எளிய அளவு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்.

வாங்கிய அன்றே அழுத்தமானி வைத்த நின்றபடி அடிக்கும் பம்ப் ஒன்றும் வாங்குங்கள். இந்தச் சைக்கிள்களில் வருவது மெல்லிய பிரெஸ்டா வால்வு. பழைய சைக்கிளின் வால்டியூபுக்குப் பழகிய கடையில் இதற்குக் காற்றடிக்க வழியில்லாமல் போகலாம், ஒரு சிறிய பித்தளை அடாப்டரைச் சீட்டுப் பையில் போட்டு வையுங்கள். உங்கள் எடை எழுபது கிலோவை ஒட்டி இருந்தால் 32 மில்லிமீட்டர் டயரில் பின்னால் 60, முன்னால் 55 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ஒரு வாரம் கழித்து ஐந்து குறைத்துப் பாருங்கள். பள்ளத்தில் ரிம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டால் மறுபடி ஐந்து கூட்டுங்கள். டியூபிலிருந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டேதான் இருக்கும், ஆகவே வாரம் ஒருமுறையாவது மானியை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.