டாப் பாக்ஸில் விரிசலா? பசையை எடுக்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

ஒருவர் தன் பைக்கின் பின்பக்கம் மாட்டும் சாமான் பெட்டியை, அதாவது டாப் பாக்ஸை, கழற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அடித்தட்டில், போல்ட் துளையில் கிளம்பி ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அதன் மேல் சூப்பர் க்ளூ இரண்டு பூச்சு, அதற்கும் மேல் எபாக்ஸி. "மூணு தடவை ஒட்டிட்டேன், நிக்கவே மாட்டேங்குது" என்றார். நகத்தால் நெம்பினேன். எபாக்ஸி மொத்தமும் ஒரே வில்லையாகக் கழன்று வந்துவிட்டது. அடியில் பிளாஸ்டிக் வழவழவென்று அப்படியே இருந்தது.

பெட்டியைத் திருப்பினேன். உள்பக்க மூலையில் சின்னதாக 'பிபி' என்று அச்சாகியிருந்தது. பாலிபுரோப்பிலீன். சாதாரணப் பசை எதுவும் இதில் பிடிக்காது. அவர் ஒட்டியதில் குறையில்லை, பொருள் அப்படி.

பைக் பெட்டிகளில் அதிகம் வருவது இரண்டு வகை பிளாஸ்டிக்: ஏபிஎஸ் (பிரேக் ஏபிஎஸ் இல்லை, இது பிளாஸ்டிக்கின் பெயர்), பிபி. எழுத்து தேய்ந்துபோயிருந்தால் மறைவான ஓரத்தில் ஒரு துணுக்கைச் சீவி, சோப்புத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பிபி அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ். அதே ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் ஏபிஎஸ்தான். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். அதில் பலவற்றில் அசிட்டோனே கிடையாது, இருந்தாலும் எண்ணெய் கலந்திருக்கும்.

ஏபிஎஸ் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதே பெட்டியின் உடைசலையோ வேறு ஏபிஎஸ் துண்டையோ பொடியாக நறுக்கி, கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி ஓர் இரவு ஊற வையுங்கள். (குழந்தைகளின் லெகோ கட்டைகளும் பெரும்பாலும் ஏபிஎஸ்தான். கேட்டுவிட்டு எடுங்கள்.) தேன் பதத்துக்கு வந்தால் போதும். இது பசை மாதிரி மேலே உட்காராது. இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும்.

பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விரிசலின் முனையை வெளிச்சத்தில் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் கோட்டைத் தாண்டி, மெல்லிய வெண்மையாக இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும். அந்த வெண்மை முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை போட வேண்டும். கூர்முனையில் குவியும் அழுத்தம் வட்டத் துளையில் பரவிவிடுவதால் விரிசல் மேலே ஓடாது. அப்புறம் உள்பக்கத்தில் விரிசல் நெடுக 'வி' வடிவத்தில் பள்ளம் சீவி, உப்புத்தாள் போட்டு, எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கம்பி வலை ஒன்றை வைத்து அதன் மேல் கலவையைப் பூசுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, பல பூச்சு. ஒரே நாளில் தடிமனாக அப்பினால் உள்ளே குமிழி கட்டும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு நாளாவது சும்மா விட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே வேலை திறந்தவெளியில்தான். பக்கத்தில் சிகரெட்டும் கூடாது, சால்டரிங் அயர்னும் கூடாது.

பிபி என்றால் வெல்டிங்தான், அதாவது உருக்கி ஒட்டுவதுதான், நம்பகமான வழி. பிபி குச்சிதான் வேண்டும், ஏபிஎஸ் குச்சி இதோடு சேராது. குச்சியும் பெட்டியும் சேர்ந்து உருக வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம், பிளாஸ்டிக் கருகுகிறது என்று அர்த்தம்.

சரி, விரிசல் எதனால் வந்தது? வாஷர் இல்லாமல் இறுக்கிய போல்ட், அளவை மீறிய சுமை. பெட்டிக்குள் ஸ்டிக்கரில் எத்தனை கிலோ என்று போட்டிருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. பலருக்குத் தெரியாத காரணம் இன்னொன்று: போல்ட் கழலாமல் இருக்க ஊற்றும் திரெட் லாக்கர் திரவம். ஏபிஎஸ், பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக், இரண்டிலும் அது பட்டால், இறுக்கத்தில் இருக்கும் துளையைச் சுற்றி மெல்லிய வெடிப்புகள் கிளம்பும். நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் வைத்த, தானாகக் கழலாத நட்) அகலமான வாஷரும் போதும், கூடவே ஒரு ரப்பர் பட்டையும் வைத்தால் அதிர்வும் குறையும்.

மூடி, பக்கச்சுவர் என்றால் தாராளமாகச் சரிசெய்யலாம். பெட்டியை வண்டியோடு பிடித்திருக்கும் இடங்களை, அதாவது போல்ட் துளை, பூட்டின் கொக்கி, அடித்தட்டு இவற்றை, நான் தொடுவதில்லை. எத்தனை முறை கெஞ்சினாலும் சரி. அங்கே என் வேலை தோற்றால் பெட்டி விழப்போவது பின்னால் வருகிற வண்டியின் முன்சக்கரத்தில்.

அவரிடமும் அதைத்தான் சொன்னேன். முகம் சுருங்கிப் போனாலும் புதுப்பெட்டி வாங்கிவிட்டார். பழையதை என்னிடமே விட்டுப்போனார். வேறு பிபி பெட்டிகளுக்கு வெல்டிங் குச்சி இப்போது அதன் மூடியிலிருந்துதான் வெட்டுகிறேன்.