தழும்பும் வெண்புள்ளியும்: மூடி மறைப்பதால் பயம் ஏன் குறைவதில்லை?

தழும்பு எவ்வளவு பெரிதோ, வேதனையும் அவ்வளவு பெரிது என்று வீட்டார் கணக்குப் போடுவார்கள். கிளினிக்கில் அந்தக் கணக்கு அடிக்கடி பொய்த்துப்போகிறது. தீக்காயத்தில் பாதி முகம் சுருங்கியவர் ஒழுங்காக வேலைக்குப் போய்வருவார். கண்ணோரத்தில் சிறு வெண்புள்ளி உள்ள பிள்ளை ரியூசனையே நிறுத்திவிடும்.

1980இல் கிளெக், ஸ்ட்ரெண்டா என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். பங்குபற்றியவர்களின் முகத்தில் ஒப்பனையால் தழும்பு வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு க்ரீம் பூசுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமல் அதை அழித்துவிட்டார்கள். தழும்பே இல்லாத முகத்தோடு போய்ப் பேசியவர்கள், எதிரில் இருந்தவரின் நடத்தையைத் தழும்பு பாதித்ததாகச் சொன்னார்கள்.

இதை வைத்து "எல்லாம் உன் மனப்பிரமை" என்று யாரையும் அடக்காதீர்கள். காலி வீதி பஸ்ஸில் வெறித்துப் பார்ப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். எது நடந்தது, எதை நாமாக ஊகித்தோம் என்று பிரித்துப் பார்க்கவே இந்தப் பரிசோதனை உதவும்.

துப்பட்டாவால் கழுத்தை மூடுவது, முழுக்கைச் சட்டை, எந்நேரமும் முகக்கவசம், பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பியே இருப்பது: இவை அந்த நேரத்துக்கு நிம்மதி தரும். ஆனால் ஒன்றும் நடக்காமல் வீடு திரும்பினால், "துப்பட்டா இருந்ததால் தப்பினேன்" என்றுதான் மனம் பதிவு செய்யும். பயம் அப்படியே இருக்கும். விரும்பி ஒப்பனை போடுவதில் பிழை ஒன்றுமில்லை. அது இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாதபோதுதான் சிக்கல்.

மாற்று வழி, படிப்படியாக வெளியே வருவது. தவிர்க்கும் இடங்கள் ஏழெட்டை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பயத்தை 0 முதல் 10 வரை அளவிடுங்கள். 3 அல்லது 4இல் தொடங்குங்கள். உதாரணமாக, சட்டைக் கையை மடித்துவிட்டு ஒழுங்கை முனைக் கடைக்குப் போவது. பயம் பாதியாகும்வரை அங்கேயே நில்லுங்கள். அதே படியை வாரத்துக்கு மூன்று நான்கு தடவை செய்யுங்கள். பலர் தோற்பது இரண்டு இடங்களில்: முதல் நாளே கலியாண வீட்டுக்குப் போவது, பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பிவிடுவது. உச்சத்தில் ஓடினால், ஓடியதுதான் காப்பாற்றியது என்று மனம் படித்துக்கொள்ளும்.

கேள்விகளுக்குப் பதிலையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். 18 வயதில் கார் தீயில் எரிகாயமடைந்த ஜேம்ஸ் பாட்ரிட்ஜ் 1992இல் பிரித்தானியாவில் தொடங்கிய அமைப்பு இதற்கு எளிய ஒழுங்கு ஒன்றைக் கற்பிக்கிறது: விளக்கு, தேற்று, பேச்சை மாற்று. வெள்ளவத்தைக் கலியாண மண்டபத்தில் அது இப்படி ஒலிக்கும்: "சின்னனில குப்பி விளக்கு விழுந்து சுட்டது, அன்ரி. இப்ப நோவில்லை. மகளுக்கு இந்த முறை ஏ.எல். எல்லே?" இதைவிட நீட்டினால் எண்ணெய், பத்தியம், இன்னொரு வைத்தியர் என்று ஆலோசனைகள் குவியும். வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொன்ன வாக்கியம் சபையில் தொண்டையில் சிக்கும்.

கலியாணப் பேச்சில் அதிகம் காயப்படுத்துவது "வெண்குட்டம்" என்ற பெயர். வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் தொடர்பே இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி நிறமணுக்களை அழிப்பதால் வெண்புள்ளி வருகிறது. தொற்றாது, தொடுவுணர்ச்சியும் குறையாது. உணர்ச்சி மங்கிய தேமல் இருந்தால் தாமதிக்காமல் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். அது தொழுநோயாகவே இருந்தாலும் 6 முதல் 12 மாதக் கூட்டு மருந்தில் குணமாகும். மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வெண்புள்ளி வந்தது, கிரகணத்தன்று தாய் கத்தி பிடித்ததால் உதடு பிளந்தது என்பவை பொய். இப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ தாய்மாரைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம்.

பிறருக்குத் தெரியாத சிறு குறையைப் பார்த்தபடி கண்ணாடி முன் மணிக்கணக்காக நிற்பது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அழகுச் சத்திரசிகிச்சைக்கு ஓடுமுன் மனநல வைத்தியரைப் பாருங்கள். வாரக்கணக்காக வீட்டுக்குள் அடைந்திருந்தாலோ, வாழ விருப்பமில்லை என்று சொன்னாலோ காத்திருக்க வேண்டாம். இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.