லூசிக்கு என்ன பிளட் குரூப்?

லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் நண்பன் ஒருவனுக்கு 'டிராகுலா' நாவலைப் படிக்கக் கொடுத்தேன். பயந்துபோய்க் கூப்பிடுவான் என்று பார்த்தால், பாதியிலேயே கோபமாகக் கூப்பிட்டான். "டேய், நாலு பேர் ரத்தத்தை ஏத்திட்டாங்க, ஒருத்தனாவது குரூப் என்னன்னு கேட்டானா?"

அவன் மட்டும் இல்லை, இன்றைக்கு அந்த நாவலைப் படிக்கிற பலரும் கோட்டையையும் ஓநாய்களையும் சாதாரணமாகத் தாண்டிவிட்டு இந்த இடத்தில்தான் பதறுகிறார்கள். லூசி என்ற இளம்பெண்ணின் ரத்தத்தை டிராகுலா இரவில் வந்து குடித்துவிட்டுப் போகிறான். வெளிறிக் கிடப்பவளுக்கு, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற ஆர்தரின் ரத்தத்தை முதலில் ஏற்றுகிறார் டச்சு டாக்டர் வான் ஹெல்சிங். அப்புறம் டாக்டர் சீவர்ட், அப்புறம் வான் ஹெல்சிங்கே, கடைசியாக டெக்ஸாஸ்காரர் குவின்சி மாரிஸ். எல்லாம் இரண்டு வாரத்துக்குள். தன் ரத்தம் அவளுக்குள் போனதால் தங்களுக்குக் கல்யாணமே ஆகிவிட்ட மாதிரி என்று ஆர்தர் உருகுகிறான், மற்ற மூன்று பேர் விஷயம் அவனுக்குத் தெரியாது. அப்படிப் பார்த்தால் அவளுக்கு எத்தனை புருஷன் என்று வான் ஹெல்சிங் அடக்கமாட்டாமல் சிரிக்கிறார்.

சரி, குரூப் பார்க்காதது அவர் தப்பா? பிராம் ஸ்டோக்கரின் இந்த நாவல் லண்டனில் வெளிவந்தது 1897-இல். ரத்தத்தில் வகைகள் உண்டு என்று வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் எழுதியது 1901-இல். அன்றைய டாக்டர்களின் பெரிய கவலை, ரத்தம் குழாயிலேயே உறைந்துவிடுகிறதே என்பதுதான். அதனால் எடுத்த ரத்தத்தைக் கடைந்து, உறைய வைக்கிற ஃபைப்ரின் நார்களை நீக்கிவிட்டு ஏற்றுவது ஒரு வழக்கம். ஆர்தரின் ரத்தம் அவ்வளவு சுத்தமானது, அதெல்லாம் வேண்டாம் என்று வான் ஹெல்சிங் சொல்கிற வரி நாவலிலேயே இருக்கிறது. நாம் கண்ணை ஓட்டிவிட்டுப் போகிற அந்த வரிதான் அன்றைய நடப்பு மருத்துவம்.

லாண்ட்ஸ்டைனர் செய்தது கேட்க எளிமையாக இருக்கும். தன்னுடையதும் கூட வேலை செய்த ஐந்து பேருடையதுமான ரத்தத்தை எடுத்து, ஒருவர் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்) இன்னொருவர் சிவப்பணுக்களைக் கலந்து பார்த்தார். சில ஜோடிகள் சும்மா இருந்தன, சில கட்டி கட்டியாகத் திரண்டன. காரணம் இதுதான்: சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிபோல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சங்கிலி ஒரு விதமாக முடிந்தால் ஏ, இன்னொரு விதமாக முடிந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லாவிட்டால் ஓ. நம்மிடம் எது இல்லையோ அதற்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் நம் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், தயாராகக் காத்திருக்கிறது. யாருடைய ரத்தத்தையும் ஏற்றிக்கொள்ளாமலே இது எப்படி வந்தது? குடலில் குடியேறும் பாக்டீரியாக்களின் மேலும் கிட்டத்தட்ட இதே சர்க்கரைகள் இருப்பதால், கைக்குழந்தையாக இருக்கும்போதே உடம்பு பழகிக்கொள்கிறது என்பதுதான் பொதுவான விளக்கம்.

ஓ குரூப்காரருக்கு ஏ ரத்தம் ஏற்றினால், அந்த ஆன்டிபாடிகள் வந்த சிவப்பணுக்களைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பின்னாலேயே காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் வந்து அணுக்களில் துளை போடும். உள்ளே இருந்த ஹீமோகுளோபின் கொட்டி, சிறுநீரகம் திணறும், ரத்த அழுத்தம் விழும். குளிர் நடுக்கம், முதுகுவலி, காய்ச்சல், சிறுநீர் கறுத்துப் போவது எல்லாம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பிக்கலாம். எல்லாரும் செத்துவிடுவதில்லை, போன அளவைப் பொறுத்தது.

லூசிக்கோ ரத்தம் ஏறியதும் கன்னம் சிவக்கிறது. அப்படியானால் நான்கு பேருடையதும் ஒத்துப்போயிருக்க வேண்டும். அதற்கு என்ன வாய்ப்பு? பிரிட்டனில் ஓ ஏறக்குறைய 48 சதவீதம், ஏ 38, பி 10, ஏபி 3. நால்வருக்கும் இதே விகிதம் என்று வைத்துக்கொண்டேன் (ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் அமெரிக்கர், பரவாயில்லை). லூசி ஏபி என்றால் யாருடையதும் சரி. ஏ என்றால் நால்வரும் ஒத்துப்போகப் பாதிக்குக் கொஞ்சம் மேல் வாய்ப்பு. ஓ என்றால் வெறும் 5 சதவீதம். எல்லாம் சேர்த்தால் 100 லூசிகளில் சுமார் 27 பேருக்குத்தான் நால்வருடையதும் ஒத்துப்போகும். ஆர்எச் காரணியை (குரூப்போடு சொல்கிற பாசிட்டிவ், நெகட்டிவ்) நான் சேர்க்கவில்லை, அது கண்டுபிடிக்கப்பட்டதே 1940 வாக்கில்தான்.

நாவலில் லூசி கடைசியில் இறந்துபோகிறாள். இதனால்தான் அவளைக் கொன்றது டிராகுலா இல்லை, வான் ஹெல்சிங்தான் என்று சிலர் வாதாடுகிறார்கள். படிக்க ஜாலியாக இருக்கிறது, ஆனால் நடுக்கமும் முதுகுவலியும் கதையில் எங்கே? என் தீர்ப்பு: அவருக்கு அதிர்ஷ்டம்.

நண்பனிடம் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப டிராகுலாவுக்கு? அவன் எல்லா குரூப்பையும் குடிக்கிறானே?" என்றான். அவனுக்குப் பிரச்சினையே இல்லை. அது நரம்பில் ஏறவில்லை, வயிற்றுக்குப் போகிறது. அங்கே ஏ, பி, ஓ எல்லாம் ஒன்றுதான், செரித்துவிடும்.