சளி டப்பாவில் தொடங்கும் சிகிச்சை

டப்பாவின் மேல் 'சளி' என்று எழுதியிருக்கும். மூடியைத் திறந்தால் நுரைத்த எச்சில்! நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கும் எங்களுக்கு இது அன்றாடம் பார்ப்பது. நுரையீரல் தொற்றுக்கு எந்தக் கிருமி காரணம், அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று நாங்கள் கொடுக்கும் ரிப்போர்ட்டின் தரம் பெரும்பாலும் இந்த டப்பாவிலேயே முடிவாகிவிடுகிறது.

வாயில் எப்போதும் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. எச்சிலைக் கல்ச்சர் வைத்தால், அதாவது தட்டில் கிருமிகளை வளரவிட்டுப் பார்த்தால், அவைதான் வளரும். அதனால் முதலில் கொஞ்சம் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடுவோம். குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்புக்கு 25-க்கு மேல் சீழணுக்களும், 10-க்குக் குறைவாக வாய்த்தோலின் தட்டையான செல்களும் இருந்தால் அது நெஞ்சிலிருந்து வந்த சளி. கணக்கு தலைகீழாக இருந்தால் மறுபடியும் சளி எடுத்துத் தரச் சொல்வோம். "அதான் கொடுத்தாச்சே, மறுபடியும் எதுக்கு?" என்று உறவினர்கள் சலித்துக்கொள்வார்கள். எச்சிலில் வளர்ந்த ஏதோ ஒரு கிருமிக்கு ஒரு வாரம் ஊசி போட்டுக்கொள்வதைவிட இன்னொரு தடவை இருமுவது மேல். (காசநோய்ப் பரிசோதனைக்கு இந்தக் கணக்கு கிடையாது.)

காலையில் எழுந்ததும் எடுப்பது நல்லது. பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வந்துவிட வேண்டும். வெளியில் கிடந்தால் நிமோனியாவின் முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ் செத்துப்போகும். வாயிலிருந்து வந்தவை பெருகிவிடும். முடிந்தவரை முதல் ஆன்டிபயாடிக் டோஸுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். மூச்சுத்திணறல் கடுமையாக இருப்பவருக்கு மட்டும் சளிக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது கிருமிகளுக்கு நிறமேற்றிப் பார்க்கும் கிராம் சாயம். டென்மார்க் மருத்துவர் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் பெர்லினில் இதை வெளியிட்டதே, நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமியைத் தேடிய வேலையில்தான். இன்றும் சில நிமிட வேலை. ஊதா நிறத்தில் ஜோடி ஜோடியாகத் தெரிந்தால் நியூமோகாக்கஸாக இருக்கலாம். இளஞ்சிவப்பில் தடித்த குச்சிகள் என்றால் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா மீது சந்தேகம் போகும். கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும்போது, மருத்துவருக்கு அன்றைக்கே கிடைக்கும் துப்பு இது.

கல்ச்சரில் எல்லாம் வளராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வைரஸ் வளராது. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா சாதாரணத் தட்டில் வளராது. அதற்குச் செல்சுவரே இல்லாததால், செல்சுவரைத் தாக்கும் அமாக்சிசிலின் அதை ஒன்றும் செய்யாது. சாதாரணத் தட்டில் வளராத இன்னொரு பாக்டீரியாவான லெஜியோனெல்லாவைக் கண்டுபிடிக்கச் சிறுநீர்ப் பரிசோதனை உதவும்.

வளர்ந்ததெல்லாம் குற்றவாளியும் அல்ல. வென்டிலேட்டரில் இருப்பவரின் குழாய்ச் சளியில் அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா வளரும். காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயில் புதிய மாற்றம் இல்லை, ஆக்சிஜன் தேவை கூடவில்லை என்றால் அது வெறுமனே ஒட்டிக்கொண்டு இருப்பதாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். சளியில் கேண்டிடா காளானும் அப்படித்தான். "ரிப்போர்ட்ல கிருமி இருக்கே, ஏன் டாக்டர் மருந்து போடல?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போய்த்தான் கடைசிக் கட்ட மருந்துகளும் வீணாகின்றன.

மருந்து எதிர்ப்பைப் பார்க்க, கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி அதன் மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்ன வட்டுகளை வைப்போம். மறுநாள் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தெரியும். அதை மில்லிமீட்டரில் அளப்போம். வளையம் பெரிதாக இருப்பதால் அந்த மருந்து வீரியமானது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் தனி அளவுகோல். 18 மி.மீ. ஒரு மருந்துக்குத் தேர்ச்சி, இன்னொன்றுக்குத் தோல்வி. வளையம் சொல்லாத விஷயமும் உண்டு. டாப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஆய்வகச் சோதனையில் கிருமியைக் கொல்லும். ஆனால் நுரையீரலின் காற்றறைகளின் உட்புறம் படிந்திருக்கும் சர்ஃபேக்டன்ட் என்ற பொருள் அதைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் நிமோனியாவுக்குக் கொடுப்பதில்லை.

கிருமிகள் தப்பிக்கும் வழியும் ஒன்றல்ல. க்ளெப்சியெல்லா மருந்தையே உடைக்கும் நொதியைச் சுரக்கும். நியூமோகாக்கஸ் பென்சிலின் வந்து ஒட்டும் புரதத்தையே மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் நொதியைத் தடுக்கும் கிளாவுலனிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தாலும் நியூமோகாக்கஸ் விஷயத்தில் கூடுதல் பலன் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய் இல்லை என்று உறுதியாகும்வரை லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தொடாதீர்கள். அவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். காய்ச்சல் தணியும், நோய் மறைந்துகொள்ளும், அதற்குள் எதிர்ப்பும் வளரும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் (CBNAAT) பரிசோதனை சுமார் இரண்டு மணி நேரத்தில் காசநோய்க் கிருமி இருக்கிறதா, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா என்று இரண்டையும் சொல்லிவிடும். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதன் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் பரிசோதனைப் படிவத்திலேயே எழுதுங்கள். அந்த இடம் காலியாக வரும்போது, 'வளர்ச்சி இல்லை' என்ற முடிவுக்குக் காரணம் கிருமி இல்லாததா, மருந்தா என்று எங்களால் சொல்ல முடியாது.