அட்டாலியில் கிடந்த பட்டாளத்துத் துப்பாக்கி

போன மாதம் கோபி பக்கத்திலிருந்து ஒரு தம்பி வாட்ஸப்பில் நாலு படம் அனுப்பினார். "அண்ணா, சாளையைப் பிரிக்கறப்போ அட்டாலில கெடந்துச்சுங்க. அப்புச்சி பட்டாளத்துல இருந்தவருங்க. வெளிநாட்டுல லட்சக்கணக்குல போகுதாமா. கடைக்கு எடுத்துட்டு வரட்டுங்களா?"

வேண்டவே வேண்டாம் என்றேன். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பைக்கில் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியிலேயே வழக்கு. உள்ளே தோட்டா இருக்கிறதா என்பதும் தெரியாது.

விசைக்குப் பின்னால், இரும்பும் மரக்கட்டையும் சேரும் இடத்தில் வலது பக்கம்தான் இதன் ஜாதகம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிரீடம், கீழே ஜி.ஆர்., அதாவது ஜார்ஜ் மன்னர். அப்புறம் பி.எஸ்.ஏ., 1916. பிற்பாடு மோட்டார் சைக்கிளுக்குப் பேர்போன அதே பர்மிங்காம் கம்பெனிதான். லீ என்ஃபீல்டு என்கிற ரைஃபிள், .303 போர் (bore), அதாவது குழல் துவாரத்தின் அளவு. வங்காளத்து இஷாப்பூரில் செய்ததென்றால் ஊர்ப் பெயரோ, ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர் என்பதன் சுருக்கமாக ஆர்.எஃப்.ஐ. என்றோ இருக்கும். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடியில் ஒரு எண், உடலில் வேறொரு எண். அப்படியென்றால் பாகம் மாறியிருக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் அதற்கே பாதி ஆர்வம் இழந்துவிடுவார்.

இங்கே அந்தக் கணக்கே கிடையாது. .303 ராணுவத் தோட்டா போடும் போர், தடைசெய்யப்பட்டது. வாங்க ஆளில்லாத பொருளுக்கு விலை சைபர்தான். ஆனால் 'பட்டாளத்துத் துப்பாக்கி' என்று என்னிடம் வந்தவற்றில் பல .315. அரசு ஆயுதத் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்தது, போல்ட் அமைப்பு அச்சு அசல் இதேதான். அதற்கு லைசென்ஸ் கிடைக்கும், விலையும் உண்டு. அதனால் குழலில் எழுதியிருப்பதைப் படிக்காமல் விலை பேசாதீர்கள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பளபளப்போடு எண்ணும் போய்விடும். எண் அழிந்த துப்பாக்கி ஆயுதச் சட்டம் 1959, 8ஆம் பிரிவில் தனிக் குற்றம். துருப்பிடித்தால் பழம்பொருள்தானே, லைசென்ஸ் எதற்கு என்பார்கள். பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அந்தப் பேச்சு. இறுகிப்போன போல்ட் நாலு சொட்டு எண்ணெயில் வழிக்கு வந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஸ்டேஷனுக்கு முதலில் போன் போட்டு, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கச் சொன்னேன். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"குடுத்துட்டனுங்க. அதுல கட்டியிருந்த காக்கி வாரை மட்டும் அம்மா கழட்டி வெச்சுக்கிட்டாங்க. பரவால்லீங்களா?"

துணி வார்தானே, தாராளமாக வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.