மொட்டை மாடியில் எத்தனை கிலோ தோட்டம்?

போன அக்டோபரில் பெங்களூரு மர்பி டவுனில் ஒரு வீட்டுக்குப் போனேன். படுக்கையறைக் கூரையிலிருந்து பூச்சு பெயர்ந்து, பேரன் படுக்கும் கட்டிலின் மேல் விழுந்திருந்தது. நல்லவேளை, பகல் நேரம். பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். "மழைத் தண்ணி இறங்குது தம்பி. மேலே ஏதாவது பெயிண்ட் அடிச்சா நின்னுடுமா?" என்று கேட்டார்.

ஏணி போட்டு ஏறிக் கம்பியால் கூரையைத் தட்டினேன். நல்ல கான்கிரீட் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். இது காலிப் பானையைத் தட்டியது போல 'டொப் டொப்' என்றது. பெயர்ந்த இடத்தில் தெரிந்த கம்பியை நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக உதிர்ந்தது. இன்னும் விழாத பூச்சில், கம்பி போகிற வழியெல்லாம் பழுப்புக் கோடுகள்.

மாடிக்குப் போனால் மனசு நிறைந்துவிட்டது. நீல டிரம்களைப் பாதியாக அறுத்து எலுமிச்சை, கொய்யா, சப்போட்டா, மாதுளை. பைகளில் தக்காளி, கத்தரி, அவரை. வாணியம்பாடியில் அவருடைய அம்மா வீட்டிலிருந்து பதியன் கொண்டுவந்த மல்லிகை. "எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிடாதீங்க தம்பி" என்றார், நான் வாய் திறக்கும் முன்பே.

எடுக்கச் சொல்லவில்லை. கட்டட இன்ஜினியராக நான் பார்க்கும் வீடுகளில் தோட்டத்தால் வரும் சேதத்துக்குச் செடி காரணமாக இருப்பது அபூர்வம். எடையும் தண்ணீரும்தான் காரணம். அவற்றைப் பற்றி நர்சரியில் யாரும் சொல்வதில்லை, வீடு கட்டும்போதும் யாரும் கேட்பதில்லை.

200 லிட்டர் டிரம்மில் பாதி என்றால் 100 லிட்டர் மண். நம் ஊர்ச் செம்மண் மழையில் ஊறினால் லிட்டருக்கு சுமார் 1.8 கிலோ வரும். ஆக ஒரு தொட்டி 180 கிலோ. அந்த அறைக்கு மேலே 11 தொட்டிகள் இருந்தன, கிட்டத்தட்ட 2 டன். கீழே அறை 10-க்கு 12 அடி. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. அந்த அறையின் முழுக் கூரைக்கும் சேர்த்தால்கூட 1.7 டன்னைத் தாண்டாது. ஏறிப்போக வழியில்லாத கூரை என்றால் கணக்கு இதில் பாதிதான். மாடி முழுக்கப் பாத்தி கட்டி வெறும் 4 அங்குலம் செம்மண் பரப்பினாலே, மழையில் சதுர மீட்டருக்கு 180 கிலோ ஆகிவிடும். பாத்தி கட்ட வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஒரே நாளில் கூரை இடிந்து விழும் என்று பயமுறுத்தவில்லை. பாரத்தால் கூரை கொஞ்சம் தொய்யும், மயிரிழை விரிசல் விடும், தொட்டித் தண்ணீர் அதில் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் வெடிக்கிறது. உரத்துக்கும் இதில் பங்கு உண்டு. முரியேட் ஆஃப் பொட்டாஷில் இருக்கும் குளோரைடு துருவை வேகப்படுத்தும், அம்மோனியம் சல்பேட் கான்கிரீட்டையே அரிக்கும். மாடியில் இந்த இரண்டும் வேண்டாம். மண்புழு உரம், மட்கிய சாணம், வேப்பம் புண்ணாக்கு போதும்.

மர்பி டவுன் வீட்டில் முதலில் தொட்டிகளுக்குப் புது இடம் குறித்தோம். கூரையின் பலம் அதன் நடுவில் இல்லை. சுவருக்கும் பீமுக்கும் நேர் மேலேதான். கீழே நின்று பார்த்தால் பீம் கூரையிலிருந்து இறங்கித் தெரியும். அங்கிருந்து படி எண்ணி, மாடியில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன். பழமரங்கள் எல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான். நடுவில் கீரைப் பைகள் மட்டும். கீரைக்கு 6 அங்குல ஆழம் தாராளம், தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஓர் அடி. ஆழம் கூடக் கூட எடைதான் கூடும், காய் கூடாது. செம்மண்ணையும் ஒரு பங்காகக் குறைத்து, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு என்று கலந்தோம். ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் மண்ணே இல்லாமல் நொதிக்க வைத்த தென்னைநார்க் கழிவில் காய்கறி வளர்க்கும் முறையைச் சொல்லித் தருகிறது. மாடிக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்து, கூரையைப் பழுது பார்த்து, மேலே நீர்க்கசிவுத் தடுப்பு போட்டோம். 48 மணி நேரம் 2 அங்குலம் தண்ணீர் தேக்கி, கீழே ஈரம் வரவில்லை என்று பார்த்த பிறகே தொட்டிகள் ஏறின. ஒவ்வொன்றுக்கும் அடியில் செங்கல், காற்று போய்த் தரை காய்வதற்காக.

சில இடங்களில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அல்சூர், ஃபிரேசர் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் இருந்தால், அதன் மேல் ஒரு துளசித் தொட்டிகூட வேண்டாம். ஈரத்தில் உத்தரம் உளுத்துப்போவது வெளியே தெரியாது. சன்ஷேடில் பூந்தொட்டி வைப்பதும் கூடாது. அது ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது. அதைத் தாங்கும் கம்பி மேல்பக்கம், தொட்டித் தண்ணீர் தேங்கும் இடத்துக்குச் சரியாகக் கீழே இருக்கிறது. கீழே தெருவில் ஆள் போகிறது. அத்தி, ஆல், அரசு மூன்றும் போன்சாயாகக்கூட மாடிக்கு வர வேண்டாம். காகம் போட்ட விதையில் கைப்பிடிச் சுவரோரம் அரசங்கன்று முளைத்தால் இரண்டு இலையிலேயே பிடுங்கிவிடுங்கள். தரையில் பலாவோ மாவோ வைப்பவர்கள் சம்ப்பைவிட்டு, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைவிட்டு, நன்றாகத் தள்ளி வையுங்கள். வேர் ஈரத்தைத் தேடித்தான் போகும்.

அந்த அம்மாவிடம் கடைசியாக ஒரு வேலை சொல்லிவிட்டு வந்தேன். கோடை மழை தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு அக்டோபர் முடியும்வரை வாரம் ஒருமுறை, மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகையும் மண்ணையும் அள்ளிவிட வேண்டும். அடைத்துக்கொண்டு 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால், தொட்டியே இல்லாவிட்டாலும் சதுர மீட்டருக்கு 100 கிலோ. "சனிக்கிழமை சனிக்கிழமை நானே பார்த்துக்கறேன் தம்பி" என்றார்.