லைட் ஃபாண்டை 7 பாயிண்டில் ரிவர்ஸ் போடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ரிவர்ஸ், அதாவது கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக, 7 பாயிண்ட் ராக்வெல் லைட் (ராக்வெல் ஃபாண்டின் மெலிந்த வடிவம்), அதுவும் கோட்டிங் இல்லாத சொரசொரப்பான அட்டையில். அச்சாகி வந்த விசிட்டிங் கார்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தால், மின்னஞ்சல் முகவரியில் இருக்கும் ஆங்கில ‘இ’ எழுத்தின் குறுக்குக் கோட்டை மை மூடிவிட்டு, அது ‘சி’ மாதிரி நிற்கிறது. ஆயிரம் கார்டும் அப்படித்தான். வாடிக்கையாளர் மெஷின்காரரைத் திட்டுகிறார், மெஷினில் ஒரு தப்பும் இல்லை.

“ராக்வெல் தடிமனான எழுத்தாச்சே, தாங்கும்னு நினைச்சேன்.” டிசைனர்களிடம் இதையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ராக்வெல் ஸ்லாப் செரிஃப் வகை, ஆனால் ஸ்லாப் செரிஃப் என்றாலே தடிமன் என்று யார் சொன்னது? எழுத்தின் தலையிலும் காலிலும் இருக்கும் அந்தப் பட்டை (அதுதான் செரிஃப்), எழுத்தின் தண்டு, அதாவது செங்குத்துக் கோடு, எவ்வளவு பருமனோ கிட்டத்தட்ட அதே பருமனில் இருக்கும், அவ்வளவுதான் விஷயம். 19ஆம் நூற்றாண்டு லண்டன் சுவரொட்டிகளில் தண்டு தடிமன், அதனால் பட்டையும் தடிமன். 1929இல் ஜெர்மனியில் மெம்ஃபிஸ், 1934இல் மோனோடைப்பின் ராக்வெல் என்று வந்தவை வட்டமும் நேர்கோடுமாகச் சீரான பருமனில் வரையப்பட்டவை. அதில் லைட் என்று போனால் தண்டோடு சேர்ந்து பட்டையும் மெலியும். போல்டில் பார்த்த உறுதியை லைட்டில் தேடாதீர்கள்.

டைப்ரைட்டர் எழுத்திலிருந்து வந்த கூரியர் நியூ ஃபாண்டைப் பாருங்கள். டைப்ரைட்டரில் ரிப்பன் மை பரவி எழுத்தைக் கொஞ்சம் பருக்க வைக்கும். கணினிக்கு வந்தபோது அந்த மை இல்லை, எழுத்து நரம்பு மாதிரி ஆகிவிட்டது. ஆஃப்செட் அச்சிலும் மை பரவத்தான் செய்யும், மேப்லித்தோ மாதிரி கோட்டிங் இல்லாத தாளில் கூடுதலாகவே. கறுப்பு எழுத்துக்கு அது துணை, ரிவர்ஸில் அதே மைதான் வெள்ளையைத் தின்கிறது.

லைட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த எழுத்து அது. ராக்வெல்லின் பெரிய ‘ஏ’ உச்சியில் ஒரு சின்னப் பட்டை இருக்கும், ‘ஓ’ கிட்டத்தட்ட முழு வட்டம். மெனு கார்டின் தலைப்பிலோ புத்தக அட்டையிலோ 36 பாயிண்டில் தாராளமாக இடம் விட்டு வையுங்கள், அத்தனை அழகாக இருக்கும்.

9 பாயிண்டுக்குக் கீழே லைட் வேண்டாம். ரிவர்ஸ் என்றால் ரெகுலருக்கு ஏறுங்கள், எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் கூட்டுங்கள். சின்ன எழுத்துக்குப் பின்னால் நாலு கலரையும் கலந்த கறுப்பு வைக்காதீர்கள், கலருக்கு ஒன்றாக இருக்கும் அச்சுப் பிளேட்டுகளில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலே எழுத்து போச்சு. ரிவர்ஸ் இல்லாத இடத்திலும் லைட்டுக்கு ஸ்ட்ரோக் (எழுத்தைச் சுற்றி ஒரு கோடு) கொடுத்துத் தடிமனாக்காதீர்கள், இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்புறம், திரையில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். அசல் அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அச்சுக்கு ஃபைல் அனுப்பும்போதே எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ப்ளீஸ். பிளேட் போடுவதற்கு முன்னால் என்றால் அஞ்சு நிமிஷ வேலை.